ஜாடியான்

உமாராணிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர் சொல்வது இருக்கட்டும், அவளே ஒத்துக்கொள்வாள். செமிலிங் தாண்டி, ஜெராய் மலை அடிவாரத்தில் இருக்கும் செம்பனைத் தோட்டத்தின் வாசலில் அவளுடைய பசியாறல் கடை. விடிவதற்கு முன்பே தோசைக்கல் சூடாகிவிடும். குலை வெட்டப் போகிறவர்கள், லாரிக்காரர்கள், பீடோங் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் என்று ஒன்பது மணிவரை கூட்டம் கலையாது. பாதிப் பேர் தோசைக்கு வந்தார்கள், மீதிப் பேர் அவள் பேச்சுக்கு வந்தார்கள். புருஷன் செத்துப் பதினோரு வருஷம் ஆகியும் அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்காததற்கு அந்த வாய்தான் காரணம். அப்படிப்பட்டவள் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை பேசிவிட்டாள், பேச வேண்டிய இடத்தில் ஒரு தடவை சும்மா இருந்துவிட்டாள். இரண்டும் ஒரே மனிதர் விஷயத்தில்.

அந்த மனிதர் தோட்டத்து ஜாகா அய்யாவு. ஜாகா என்றால் காவலாளி. கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, ஒரு நாற்காலி, லாரி நம்பர் எழுத ஒரு நோட்டு, அவ்வளவுதான் அவர் உத்தியோகம். பெண்டாங் பக்கமிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பத்தாறு வயது, மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. அவரைப் பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது மேலுதட்டைத்தான். நமக்கெல்லாம் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே விரலால் அழுத்தினதுபோல் ஒரு சின்னக் குழி இருக்கிறதல்லவா, அது அவருக்குக் கிடையாது. தட்டையாக, வழவழவென்று இருக்கும். பிறக்கும்போதே உதடு பிளந்திருந்ததாம். அலோர் ஸ்டாருக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தைத்தார்களாம். இதை அவர் தோட்டத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தார், அது உமாராணி.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் பம்பு மக்கர் பண்ணியது, வந்து சரிசெய்தார். கையைக் கழுவிக்கொண்டு போகிறவரைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். பிறகு பம்பு நன்றாக ஓடிய நாட்களிலும் வந்தார். மகள் ரூபினி சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அவளுக்குச் சாயங்கால ஷிஃப்ட் இருக்கிற வாரங்களில், பொழுது சாயும்போது அய்யாவு செம்பனை வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்கு வருவார். கருவாட்டுக் குழம்பு, சோறு, கொஞ்சம் பேச்சு, அரைமணி நேரத்தில் கேட்டுக்குத் திரும்பிவிடுவார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும்தான் என்ன, நாற்பத்தெட்டு வயதுக்காரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஆனால் தோட்டத்தில் பதினெட்டே தமிழ்க் குடும்பம். பதினெட்டுக் குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அவர் நேராகவே கேட்டுவிட்டார், பதிவு பண்ணிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்துவிடலாமே என்று. உமாராணிக்கு மனசு துள்ளத்தான் செய்தது. ரூபினி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பீடோங்கில் ஓர் இடம் வந்திருந்தது. பையன் நல்ல வேலையில் இருந்தான், ஆனால் பையனுடைய அம்மா கெடுபிடி. பெண்ணின் அம்மா தனியாக இருக்கிறாளாமே, வீட்டுக்கு யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று இரண்டு பேரிடம் விசாரித்தும்விட்டாளாம். இந்த நேரத்தில் அம்மாவுக்கே கல்யாணம் என்று ஆரம்பித்தால் மகள் கல்யாணம் என்ன ஆகும் என்று உமாராணி பயந்தாள். அய்யாவு சரி என்றார். அவருக்கு அவசரமே கிடையாது.

ஒரு காலையில் கடையில் நல்ல கூட்டம். ஆடு வளர்க்கும் பாப்பம்மா, அறுபது வயது, எதையும் பார்த்தவுடன் சொல்லிவிடுகிற பெண்மணி, அய்யாவு டீயை வாங்கிக்கொண்டு போன முதுகைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏன் உமா, ஜாகாவுக்கு மட்டும் தே தாரிக்குல நொர கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

பெஞ்சியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். உமாராணிக்குக் கழுத்துவரை சூடேறியது. அந்த இழுத்து ஆற்றின டீயில் நுரை தூக்கலாகத்தான் இருந்தது, அவள் கை அவளைக் கேட்காமலே அப்படி ஆற்றிவிடும். பேச்சை உடனே திருப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் பீடோங் போய்விடும். பக்கத்தில் குவே பலகாரம் விற்கும் மலாய் அத்தை மாக் சிக் சல்மா எப்போதோ சொன்ன ஒரு சங்கதி அந்த நேரம் பார்த்து நாக்கில் வந்து நின்றது.

"பயத்துல போடுறேங்க்கா. அந்த மேலுதட்ட நீங்க பாத்ததில்லையா? குழியே இல்ல. அப்படி இருந்தா யாருன்னு மலாய்க்காரங்கள கேட்டுப் பாருங்க. பகல்ல ஜாகா, பொழுது சாஞ்சா ஜாடியான்."

மாக் சிக் சல்மா கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். மலாயில் ஹரிமாவ் ஜாடியான் என்பார்கள், மனிதன் உருமாறிப் புலியானது. காட்டில் புலியாகத் திரியும், ஊருக்குள் வந்தால் மனிதனாக நடக்கும், எல்லாம் நம்மைப் போலவே இருக்கும், மேலுதட்டுக் குழி மட்டும் இருக்காது. அதுதான் அடையாளம் என்பார்கள். ஹரிமாவ் என்பதுதான் புலி. ஜாடியான் என்றால் வெறுமே ஆகி வந்தது என்று அர்த்தம். ஆனால் தமிழ்க் காதில் விழுந்ததும் அது முனியன், கருப்பன் மாதிரி ஓர் ஆம்பிளையின் பெயராகிவிட்டது. புலியை எல்லாரும் விட்டுவிட்டார்கள், பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் தோட்டம் முழுக்க அய்யாவு ஜாடியான் ஆகிவிட்டார்.

உமாராணிக்கு அன்றைக்கு ஒரே பெருமை, பேச்சை எவ்வளவு சாமர்த்தியமாகத் திருப்பிவிட்டோம் என்று. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் அந்த உதட்டைப் பற்றி அவர் சொன்ன சாயங்காலம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பட்ட பாட்டையெல்லாம் சொல்லிவிட்டு, இதையெல்லாம் யாரிடமும் பேசியதில்லை என்றிருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது அவளால் முகத்தை நிமிர்த்திப் பார்க்க முடியவில்லை. அவரோ சோற்றைப் பிசைந்துகொண்டே, எனக்குப் பட்டம் வைத்துவிட்டாயாமே என்று சிரித்தார். பேச்சு உன் பக்கம் வராமல் இருந்தால் சரி என்றும் சொன்னார். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்துப் பாப்பம்மாவின் ஆடு ஒன்று ஆற்றோரத்தில் குதறிக் கிடந்தது. நாய் என்றார்கள். பத்து நாளில் இன்னொன்று. இந்தத் தடவை கழுத்தில் பல் பதிந்திருந்தது. நாய்க்கு அவ்வளவு பெரிய வாய் கிடையாது. அந்தப் பேச்சு ஓய்வதற்குள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சுகுமாரன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். சுகுமாரன் நல்லவன்தான், பயந்தால் பயந்தேன் என்று சொல்லத் தெரியாத ரகம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழேகால், தூரத்து மசூதியில் பாங்கு சொல்லி முடிகிற நேரம். ஆற்றுப் பாலத்தருகே கறுப்பாக ஏதோ ஒன்று குறுக்கே பாய்ந்ததாம். முதலில் சொன்னபோது அது பெரிய நாய் அளவு இருந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னபோது கன்றுக்குட்டி அளவு ஆனது. கையில் போட்ட மாவுக்கட்டு காய்வதற்குள் இரண்டு காலில் எழுந்து நின்று அவனைத் திரும்பிப் பார்த்தும்விட்டது. இதில் நிஜமான விஷயம் ஒன்று இருந்தது. பாலத்துக்குப் போகிற வழியில் அவன் கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறான். ஜாகா கொட்டகையில் விளக்கு எரிந்தது, ஜாகா இல்லை.

ஜாகா அந்த நேரம் உமாராணியின் சமையல்கட்டில் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமை பீடோங்கிலிருந்து பரிசம் போட வருகிறார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அப்படியானால் வியாழக்கிழமை ரூபினியிடம் நம் விஷயத்தைச் சொல்லிவிடுவாயா என்று அவர் கேட்டிருந்தார். சொல்லிவிடுகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் அம்மன் கோயில் முன்மண்டபத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கூட்டம் என்று யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் கலைந்து போகவில்லை. சுகுமாரன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி நடுவில் நின்றான். பெண்கள் தூண் பக்கம் நின்றார்கள். உமாராணிக்கு இடதுபக்கம் ரூபினி, வலதுபக்கம் பாப்பம்மா. அய்யாவு படியருகில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நான் உங்கள ஒண்ணும் சொல்லல," என்றான் சுகுமாரன். "கொட்டகையில நீங்க இல்ல. ஏழேகாலுக்கு எங்க இருந்தீங்க? அத மட்டும் சொல்லிடுங்கலா, பேச்சு முடிஞ்சிரும்."

அய்யாவு கையிலிருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து யாரோ ஜாடியான் என்று முணுமுணுத்தார்கள். இளவட்டங்கள் சிரித்தன, பெரியவர்கள் சிரிக்கவில்லை. இரண்டு ஆடு செத்து, ஒருவன் கை உடைந்து, சாயங்காலமானால் பிள்ளைகளை வெளியே விடப் பயந்துகிடக்கிற நேரம். கைபேசியில் எதை வேண்டுமானாலும் தேடிப் பார்க்கிற ஜனம்தான். ஆனாலும் அந்த மழமழத்த மேலுதட்டைப் பத்துப் பேர் உற்றுப் பார்த்தார்கள். அவர் கையை எடுத்து உதட்டை மூடிக்கொண்டார். சின்ன வயதில் பழகின கை போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் இருந்தார். இவ்வளவுதான் உமாராணி சொல்ல வேண்டியது. இதைவிட நீளமான பேச்சையெல்லாம் தினமும் தோசையைத் திருப்பிக்கொண்டே பேசுகிறவள். வாயைத் திறந்தாள். புதன்கிழமை ஞாபகம் வந்தது. பையனுடைய அம்மா ஞாபகம் வந்தது. பக்கத்தில் மகளின் தோள் தன் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பாப்பம்மா ஆரம்பித்தாள். அவள் யாரையும் மாட்டிவிட நினைத்தவள் அல்ல, ஞாபகம் வந்ததைச் சொன்னாள். நேற்று ஆட்டைத் தேடிப் போனபோது இரண்டாவது வரிசை வீடுகளுக்குப் பின்னால் யாரோ ஓர் ஆம்பிளை நடந்து போனதைப் பார்த்ததாகவும், கடைசி வீட்டுப் பக்கமாகத்தான் போனதாகவும் இழுத்தாள். இரண்டாவது வரிசையில் குடியிருப்பது இரண்டே வீட்டில்தான். கடைசி வீடு உமாராணியுடையது. இரண்டொரு தலைகள் பெண்கள் பக்கம் திரும்ப ஆரம்பித்தன.

"நான் ஆத்தோரமா இருந்தேன்," என்றார் அய்யாவு. அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "மண்டோர் பாத்தது என்னையத்தான்."

திரும்பிய தலைகள் எல்லாம் அவர் பக்கம் வந்துவிட்டன. யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் நிஜமாக நம்பியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். நம்பாதவர்களும் ஓரடி பின்னால் போனார்கள். உமாராணியும் போனாள். ரூபினி கையைப் பிடித்து இழுத்ததால் போனேன் என்று பிற்பாடு எத்தனையோ நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ரூபினி இழுக்கவில்லை. அவள் நின்ற இடத்தில்தான் நின்றாள்.

அய்யாவு அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். காவல் நேரத்தில் கேட்டை விட்டுப் போனதற்காக ஆபீசில் சீட்டுக் கிழித்துவிட்டார்கள். நிர்வாகத்துக்குப் புலியைப் பற்றியெல்லாம் கவலை கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் கேட்டைத் தாண்டிப் போகிற சத்தத்தை உமாராணி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அப்போது வெளியே ஓடியிருந்தால்கூட நேரம் இருந்தது. ஓடவில்லை.

பன்னிரண்டாம் நாள் காட்டிலாகாக்காரர்கள் ஆற்றோரத்தில் வைத்த கூண்டில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. ஜெராய் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் என்றார்கள். படம் எல்லார் கைபேசியிலும் வந்தது. அய்யோ பாவம், அந்த மனுஷனைப் போய் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று ஊர் வருத்தப்படும் என்று பார்த்தால், கூண்டுக்குள் இருந்ததன் உதட்டை விரலால் பெரிதாக்கிக் குழி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஜாடியானைப் பிடித்துவிட்டார்கள் என்று வேடிக்கையாகவே சொன்னார்கள், ஆனால் சொல்லிச் சொல்லி அதுவே கதையாக நின்றுவிட்டது. பாப்பம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, செய்யாத ஒன்றை ஒருத்தன் எதற்காக நான்தான் என்று சொல்வான் என்று கேட்டாள். உமாராணி கல்லில் மாவை ஊற்றினாள். அன்றைக்குத் தோசை எல்லாம் தீய்ந்தது.

அந்தப் பரிசமாவது நடந்ததா என்றால், நடந்தது. தட்டு மாற்றி, பூ வைத்து, கெடுபிடிக்கார அம்மா வாய் நிறையச் சிரித்து, எல்லாம் சிறப்பாகவே நடந்தது. இரண்டு மாதத்தில் பையன் பினாங்கில் வேறொரு பெண்ணோடு பழகுவது தெரியவந்து, அவர்களாகவே ஆள் அனுப்பி விலகிக்கொண்டார்கள். ரூபினி ஒரு நாள் அழுதாள், மறுநாள் ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். மாக் சிக் சல்மா, எல்லாவற்றையும் விசாரிப்பதுபோல் இதையும் விசாரித்தாள், கல்யாணம் ஜாடியா என்று. நடக்கிறதா இல்லையா என்பதற்கும் மலாயில் அதே வார்த்தைதான்.

"தா ஜாடி, மாக் சிக்," என்றாள் உமாராணி. ஆகவில்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு அடுப்புப் புகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

எதற்காக வாயை மூடினாளோ அது போய்விட்டது. யாருக்காக மூடினாளோ அவள் சாதாரணமாக இருந்தாள். தனக்குச் சோறு போட்ட வீட்டின் பேர் கெடக் கூடாதென்று புலியாகிப் போன மனுஷன்தான் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் பாங்கு கேட்கிற நேரத்தில் அவள் பின்வாசலைத் திறந்து பார்ப்பாள். இப்போதாவது ஊரைக் கூப்பிட்டுச் சொல்லலாமே என்று தோன்றும். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றும். இரண்டாவது எண்ணம் வசதியாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து மாக் சிக் சல்மாவின் மருமகன் மூலம் சேதி வந்தது. அவன் நெல் லாரி ஓட்டுகிறவன். பெண்டாங்கில் ஒரு நெல் ஆலையில் ஜாகாவாக இருக்கிற தமிழரைப் பார்த்தானாம், உங்கள் தோட்டத்து ஆள் மாதிரி இருக்கிறது என்றான். உமாராணி மூன்று நாள் தூங்கவில்லை. நாலாம் நாள் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, நல்ல சேலையாக உடுத்திக்கொண்டாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று ரூபினி கேட்டபோது, அலோர் ஸ்டாரில் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினாள். வெயில் வயல்மேல் விரிந்து கிடந்தது. அறுப்பு முடிகிற நேரம், நெல் ஏற்றின லாரிகள் ஆலை வாசலில் வரிசையாக நின்றன. கேட்டருகில் முகக்கவசம் போட்ட ஒருவர் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். நெல் தூசிக்காகப் போட்டிருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளைக் கண்டதும் பேனா நின்றது. வரிசை நகர்ந்ததும் கொட்டகைக்குள் இருந்த ஒரே நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு, தான் ஒரு நெல் மூட்டைமேல் உட்கார்ந்தார். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தார். அந்த உதட்டைப் பார்த்ததும் அவள் அழுதுவிட்டாள்.

அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். பரிசம் முறிந்ததை, தினமும் படுகிற வேதனையை, தன் வாயில் கொள்ளி வைத்தால்கூடத் தகும் என்பதை எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பழசை எல்லாம் பேசி என்ன ஆகிறது, சாப்பிட்டாயா என்றார்.

"திரும்பி வந்திருங்க," என்றாள். "இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அது நீங்க இல்லன்னு."

"நான் எங்க இருந்தேன்னும் தெரிஞ்சுபோச்சா?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார் என்று தோன்றியது. அந்த ஆசைதான் அவளை என்னவோ செய்தது. அவரே அடுத்து, இன்றைக்கு இங்கே வருவதாக யாரிடமாவது சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டார். கோயிலுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன் என்றாள் உமாராணி. சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப நான் இன்னும் மனுசனா மாறல, உமா."

அப்போதுதான் அவளுடைய கைபேசி அடித்தது. ரூபினி. எடுக்காமல் விடலாமா என்று பார்த்தாள். அய்யாவு எடு என்று தலையை அசைத்தார். அசைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே இருக்கிறாய் என்று ரூபினி கேட்டாள். சாதாரணமாகக் கேட்டாள். உமாராணி மூச்சை இழுத்தாள். சொல்லத்தான் நினைத்தாள், சத்தியமாக நினைத்தாள்.

"கோயில்லதான்மா இருக்கேன். கூட்டமா இருக்கு."

அய்யாவு எழுந்தார். கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாசலில் புதிதாக ஒரு லாரி வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"சரிம்மா," என்றாள் ரூபினி. "சாமிய நல்லா கும்பிட்டுட்டு வா. ஜாகா மாமா எப்படி இருக்காருன்னு நான் கேட்டேன்னும் சொல்லு." அவளே தொடர்ந்தாள். "மாக் சிக் எங்கிட்டயும் சொன்னாங்க. அந்தச் சனிக்கிழமை நான் வேலை முடிஞ்சு வந்தப்ப சிங்க்ல ரெண்டு தட்டு கெடந்துச்சும்மா. மறுநாள் கோயில்ல நீ சொல்லுவ, சொல்லுவன்னு பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன்."

மகள் வைத்துவிட்ட பிறகும் அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. யாருக்காகப் பயந்தாளோ அவளுக்கே முன்பே தெரிந்திருக்கிறது. பயந்துகொண்டு நிற்கவில்லை, காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உமாராணி எழுந்து கேட்டுக்கு ஓடினாள். லாரி கிளப்பிய தூசியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ரூபினிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அப்போதே தெரிந்திருக்கிறது, உங்களை விசாரித்தாள் என்று மூச்சுவாங்கச் சொன்னாள். அவர் நோட்டில் நம்பரை எழுதி முடித்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. அதில் ஒரு சந்தோஷம் வந்ததை அவள் பார்த்தாள். அது நிற்காமல் போனதையும் பார்த்தாள்.

"நல்ல பொண்ணு," என்றார். "ஆனா சொன்னது அவ. நீ சொல்லலியே."

அடுத்த லாரி உள்ளே வந்தது. அவர் தடுப்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். பஸ் நாலு மணிக்கு, அதை விட்டால் ஆறு மணிக்குத்தான், இருட்டிவிடும் என்றார். தோட்டத்தில் அவள் பார்த்த அதே அக்கறைதான், ஒரு குறைச்சலும் இல்லை. உமாராணி சாலையோர நிழற்குடையில் போய் நின்றாள். அந்தப் பஸ் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்று பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்மணி சலித்துக்கொண்டாள். தாமதமாகட்டும், அதற்குள் அவர் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்று உமாராணி கேட்டைப் பார்த்தபடியே நின்றாள். அன்றைக்குப் பார்த்துப் பஸ் சரியாக நாலு மணிக்கு வந்துவிட்டது.